ஒரு கையொப்பம் கிடைக்காத கதை

சென்ற இதழில் ‘சங்கச் செய்திகள்’ பகுதியின் அடியில் நாம் எழுதிய இரண்டு வரிகள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். உயர்ந்த பதவியில் இருக்கும் நம்மவர் சிலருக்குச் சங்கத்தின் காரியம் என்றால் மட்டும் கை வலிக்கிறது என்று எழுதியிருந்தோம். பெயரைக் குறிப்பிடவில்லை. எனினும் இத்தலைநகரில் தமிழர் கூடும் இடங்கள் மிகச் சிலவே ஆதலின், குறிக்கப்பட்டவர் யார் என்று அறிய எவருக்கும் அரை நாள் ஆகியிராது. அவ்வரிகளை இம்மாதம் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எதனால் என்பதையும் சொல்லிவிடுவதுதானே முறை?

ஆண்டு விழா மலருக்கு விளம்பரம் திரட்டுவது ஒவ்வொரு மார்கழியிலும் நம் சங்கத்தில் தொடங்கும் சடங்கு. தாள் விலையும் அச்சுக் கூலியும் ஏறிவிட்டன. ஆகவே செயற்குழுவினர் நால்வர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டட வேலைகளுக்கு ஒப்பந்தம் வழங்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் உயர் பதவி வகிக்கும் அன்பரின் இல்லத்திற்குச் சென்றோம். வேண்டுகோள் கடிதத்தின் அடியில், மலர்க்குழுவின் புரவலர் என்ற முறையில், அவர் ஒரு கையொப்பம் இட வேண்டும், அவ்வளவே. “தாங்கள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். கடிதத்தை நாங்களே கொண்டு சென்று கொடுத்துவிடுகிறோம்” என்றோம்.

அவர் கடிதத்தைப் படித்தார். உடன் இணைத்திருந்த நிறுவனங்களின் பட்டியலையும் நிதானமாகப் படித்தார். பிறகு இரண்டையும் மடித்து நம்மிடமே தந்துவிட்டு, “மன்னிக்க வேண்டும். சந்தாவை எவ்வளவு உயர்த்தினாலும் தந்துவிடுகிறேன். விழாவன்று நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுங்கள், வருகிறேன். இது மட்டும் என்னால் ஆகாது” என்றார். அம்மையார் அளித்த காப்பியை அருந்திவிட்டுப் படியிறங்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டோம். “பணமா கேட்டோம்? ஒரு துளி மைதானே கேட்டோம்!” என்றார் நம்முள் ஒருவர். அந்த முணுமுணுப்பே இரண்டு வரிகளாகி அச்சேறியது.

இதழ் வெளிவந்த நான்காம் நாள், ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் அடங்கிய பழைய நூல் ஒன்றை நம் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் விதியுள்ள பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது.

அவ்விதி கூறுவது இது. அரசாங்க ஊழியர் எவரும், உரிய மேலிடத்தின் முன்னிசைவு இன்றி, எந்த நோக்கத்திற்காகவும், பணமாகவோ பொருளாகவோ நிதி கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது, திரட்டும் செயலில் வேறு எவ்வகையிலும் தம்மைத் தொடர்புபடுத்திக்கொள்ளவும் கூடாது. ‘எந்த நோக்கத்திற்காகவும்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கோயில் திருப்பணி என்றோ, பள்ளிக்கூடம் என்றோ, தமிழ் வளர்ச்சி என்றோ விதியில் விலக்கு ஏதும் இல்லை. தாம் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டுவது குற்றமன்று. பிறரிடம் வாங்குவதில் பங்கு கொள்வதே தடுக்கப்பட்டது. நம் அன்பர் தருவதாகச் சொன்னதும் தர மறுத்ததும் இவ்விரண்டுக்கும் இடையில் எத்துணைச் சரியாகக் கோடு கிழித்தன என்பதை நூலைப் படித்த பின்னரே உணர்ந்தோம்.

விதி இருக்கட்டும். அந்தப் பட்டியலைப் பற்றி நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதிலிருந்த நிறுவனங்கள் நம் பட்டியலில் ஏன் இடம்பெற்றன? தமிழ்ப் பற்று மிக்கவை என்பதாலா? அன்று. அவற்றுள் பெரும்பாலானவை அவருடைய அலுவலகத்தில் ஒப்பந்தம் எடுப்பவை. அதை அறிந்துதான் அவரிடம் போனோம். மை ஒரு துளிதான். ஆனால் அத்துளிக்கு விலை உண்டு என்பது கேட்டவர்களாகிய நமக்கும் தெரியும், கடிதத்தைப் பெறப்போகும் நிறுவனத்தாருக்கும் தெரியும். முழுப்பக்க விளம்பரம் தந்த நிறுவனத்தின் பட்டியல் தொகை மூன்று மாதம் கழித்து அவர் மேசைக்கு வரும். அவர் நேர்மையாகவே பரிசீலித்துப் பணம் வழங்க உத்தரவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேர்மையை யார் நம்புவார்? பக்கத்து மேசைக்காரர் நம்புவாரா? விளம்பரம் தராத ஒப்பந்தக்காரர் நம்புவாரா? பிறரை விடுங்கள், தமது முடிவு முழுவதும் தமதே என்று அவருக்கே உறுதியாகத் தெரியுமா?

இதைத்தான் இக்காலப் பத்திரிகைகள் நலமுரண் என்கின்றன. இது லஞ்சம் அன்று. லஞ்சம் நடந்துவிட்ட குற்றம். நலமுரண் என்பது ஒருவர் நிற்கும் இடம். ஒரு கையில் பொதுக் கடமையும் மறு கையில் தம்முடையதோ தம்மைச் சார்ந்தவருடையதோ ஆகிய நலனும் இருக்கும் நிலையே அது. தவறு செய்யாதவரும் அவ்விடத்தில் நிற்க நேரிடும். நின்றால் சொல்லிவிட வேண்டும், விலகிக்கொள்ள வேண்டும் என்பதே விதிகளின் சாரம். தமது கடமையோடு தொடர்புள்ள சொந்த நலன்களை அறிவித்து, முரண் எழுமாயின் பொதுநலன் காக்கப்படும்படி தீர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் வாசகம் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றாம் விதியுடன் சேர்க்கப்பட்டது. ஆனால் கருத்து பழையது.

காகிதத் துண்டு பன்னிரண்டாம் விதியில் இருந்தாலும் நாம் அங்கேயே நின்றுவிடவில்லை. நூலைப் புரட்டப் புரட்ட, இது அலுவலக நூலா, நம் வீடுகளை ஒட்டுக் கேட்டு எழுதிய நூலா என்னும் ஐயமே எழுந்தது. நான்காம் விதி பிள்ளைகளின் வேலையைப் பற்றியது. தம் பதவியையோ செல்வாக்கையோ கொண்டு குடும்பத்தார்க்கு எந்த நிறுவனத்திலும் வேலை தேடித்தரலாகாது. ‘ஏ’ பிரிவு அதிகாரியாயின், தம்மோடு அலுவல் தொடர்புள்ள நிறுவனத்திலோ, அரசாங்கத்தோடு அலுவல் தொடர்புள்ள பிற நிறுவனத்திலோ தம் மகனோ மகளோ வேலை ஏற்பதற்கு முன்னிசைவு பெற வேண்டும். காத்திருக்க நேரமில்லையெனில் உடனே தெரிவித்துவிட்டு, இசைவு வரும்வரை தற்காலிகமாக ஏற்கலாம். குடும்பத்தார் ஒருவர் வேலை செய்யும் நிறுவனத்தின் ஒப்பந்தமோ கோப்போ தம் மேசைக்கு வந்தால், தாம் தொடாமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

பதினைந்தாம் விதியில் நம் இல்லத்தரசிகளும் வருகின்றனர். நம் குடியிருப்புகளில் ஆயுள் காப்பீட்டு முகவர்களாக உழைத்து, பிள்ளைகளின் கல்லூரிச் செலவைத் தாங்கும் சகோதரிகள் பலர். அதில் தடையில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் வாணிபம் செய்தாலும், காப்பீட்டு முகவராக இருந்தாலும், ஊழியர் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதற்காகத் தாம் ஆள் பிடித்துத் தரலாகாது. துணைவியாரின் பாலிசிப் படிவத்தை அலுவலகப் பையில் வைத்துக்கொண்டு போகும் கணவன்மார் இவ்விதியை ஒருமுறை படிப்பது நலம்.

விருந்தோம்பலை விதி முற்றிலும் தடுக்கவில்லை. எப்போதோ ஒரு வேளை உணவும், வழியில் வண்டியில் ஏற்றிச் செல்வதும் பரிசாகக் கருதப்படா. ஆடம்பர விருந்தும் அடிக்கடி விருந்தும் தவிர்க்கத் தக்கவை.

பதினான்காம் விதியைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. முன்னிசைவின்றி வாழ்த்து மடல் பெறுதல், தம்மைப் பாராட்டும் கூட்டத்தில் கலந்துகொள்ளுதல் இவற்றை அது தடுக்கிறது. ஓய்வு அல்லது மாற்றத்தின்போது நண்பர்கள் நடத்தும் எளிய வழியனுப்புக்கு விலக்கு உண்டு. பொன்னாடையும் ரோஜா மாலையும் இன்றி நம் சங்கம் ஒரு மாதத்தையேனும் கழித்ததுண்டா?

இவ்விதிகள் 1955-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்தவை. அந்தக் காலத்துச் சூழலில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், ரயில்வே இணை அமைச்சராகவும், விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராகவும் விளங்கிய கே. சந்தானம் அவர்களின் தலைமையில், ஊழல் தடுப்புக் குழு ஒன்று 1962-இல் அமைக்கப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. மத்திய ஊழல் தடுப்பு ஆணையம் 1964-இல் பிறந்தது அக்குழுவின் பரிந்துரையால்தான். கொடுப்பவன், வாங்குபவன் என்ற இருவரை மட்டும் அக்குழு பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி மறுநாளே தனியார் நிறுவனத்தில் அமர்வதையும் அது கவனித்தது. இரண்டாண்டுக் காலம் அதற்குத் தடை வேண்டும் என்றது.

இந்த இடத்தில், நமக்கு வந்துள்ள ஒரு மடலுக்கு விடை சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். சகோதரி ஒருவர் எழுதுகிறார். அவர் கணவர் இவ்வாண்டு நடுவில் ஓய்வு பெறுகிறார். சில மாதங்களில் அரசாங்கக் குடியிருப்பை விட வேண்டும். மகனுக்கு இங்கே இன்னும் ஈராண்டுப் படிப்பு இருக்கிறது. கணவரின் அலுவலகத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனம் ஒன்று, சம்பளத்தோடு வீடும் தருவதாகச் சொல்கிறது. “முப்பத்தைந்து ஆண்டு மாசில்லாமல் உழைத்தவர். இனி அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?” என்பது அவர் கேள்வி. அதிலுள்ள வேதனை நமக்குப் புரியாமல் இல்லை. ஊரில் நிலமும் இல்லாமல், இங்கே சொந்த வீடும் இல்லாமல் ஓய்வு நாளை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல.

விடை இது. ‘ஏ’ பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் தனியார் வாணிப நிறுவனத்தில் வேலை ஏற்பதாயின் அரசாங்கத்தின் முன்னிசைவு வேண்டும். ஒரு காலத்தில் இரண்டாண்டாக இருந்தது பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு, அவற்றுக்குப் பதிலாக 2021-இல் வந்த விதிகளிலும் தொடர்கிறது. ஆகவே இது தடையன்று. கேட்டுப் பெற வேண்டிய இசைவு. அந்த நிறுவனத்தோடு அவருக்குப் பதவியில் இருந்தபோது என்ன தொடர்பு இருந்தது, புதிய வேலையில் பழைய அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்குமா என்பன போன்றவற்றைப் பார்த்தே இசைவு தருவார்கள். இசைவின்றிச் சேர்ந்தால் ஓய்வூதியம் முழுவதையோ ஒரு பகுதியையோ இழக்க நேரலாம். அரசாங்கத்துக்கே உரிய நிறுவனமாயின் இத்தொல்லை இல்லை.

‘வேலை என்று சொல்லாமல் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளட்டுமே’ என்று நண்பர்கள் யோசனை சொல்கிறார்களாம். நண்பர்களுக்கு முன்பே விதி எழுதியவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். தொழிற்கல்வித் தகுதி இல்லாத துறையில், அலுவலக அனுபவத்தை மட்டும் முதலாக வைத்து ஆலோசகராவதும், அரசாங்க அலுவலகங்களோடு தொடர்பு கொள்வதையே தொழிலாகக் கொள்வதும் வாணிப வேலையாகவே கணக்கிடப்படும்.

சகோதரியின் கேள்விக்கு விதிநூலில் இல்லாத ஒரு விடையும் உண்டு. அந்நிறுவனம் விலைக்கு வாங்குவது வருங்கால உழைப்பை மட்டுமாயின், ஓராண்டு கழித்தும் அதே வேலையைத் தரும். இன்றே வந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துமாயின், அது வேறொன்றை வாங்குகிறது. நேற்று எழுதிய கோப்புகளின் நினைவும், அந்தக் கோப்புகளோடு இன்றும் அமர்ந்திருக்கும் பழைய சகாக்களின் மரியாதையுமே அது. முப்பத்தைந்து ஆண்டு மாசின்மையைக் கண்டுதான் நிறுவனம் விலை பேசுகிறது. அவர்தாம் நிதானிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் கடைநிலை, இடைநிலை ஊழியர்கள் மற்றொன்றைக் கேட்பார்கள், கேட்பது நியாயமும் ஆகும். மேலே இருப்பவர்களுக்கு என்ன? அரசியல் சட்டம் சிலருக்குக் கடுமையாகவே இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி விட்டபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கலாகாது. மத்தியத் தேர்வாணையத் தலைவருக்கும் அவ்வாறே. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடலாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி லோக்பால் உறுப்பினர் பதவி விட்டு ஐந்தாண்டு தேர்தலில் நிற்கலாகாது. ஆனால் நீதிபதி ஆளுநராவதைச் சட்டம் தடுக்கவில்லை. தலைமை நீதிபதியாக இருந்து 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்ற ப. சதாசிவம் அதே ஆண்டு செப்டம்பரில் கேரள ஆளுநரானபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக 1996 வரை இருந்த டி. என். சேஷன் 1997-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். விதியை இவர்கள் மீறவில்லை. மீறுவதற்கு அங்கே விதியே இல்லை. அமைச்சர்களுக்கு 1964-இல் ஒரு நடத்தைக் கோவை வகுக்கப்பட்டது. பதவி ஏற்குமுன் வாணிபத் தொடர்புகளை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. அது சட்டம் அன்று. பதவி இழந்த அமைச்சர் மறுநாளே எந்த நிறுவனத்தில் அமர்ந்தாலும், ஓராண்டு பொறு என்று சொல்ல எவரும் இல்லை. கணக்கரின் துணைவியாருடைய காப்பீட்டு முகமையைத் தேடிப் பிடிக்கும் நூல் இவ்விடத்தில் மௌனமாகிவிடுவது நமக்கு ஒப்பவில்லை.

மேலே உள்ளோர் நிலை அதுவாயினும், நம்மைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. விதிநூலில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, ஊழியரை முற்றிலும் சார்ந்திருக்கும் மக்கள், அவ்வாறே சார்ந்திருக்கும் பிற உறவினர் ஆகியோர் மட்டுமே. தனியே சம்பாதிக்கும் மைத்துனன் அதில் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் மகன் இல்லை. ஆனால் நம் குடும்பம் அங்கேயா முடிகிறது? ஊரிலிருந்து ரயிலேறி, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பெரியப்பாவின் கடிதமுமாக வந்து நிற்கும் பையனை நாம் எந்த விதியில் சேர்ப்பது? தொலைதூரம் வந்து வாழும் நமக்கு ஒருவர் பதவியில் இருப்பது ஒரு கிராமத்துக்கே பதவி கிடைத்தது போல. பணத்துக்கு அசையாத பலரை அசைப்பது ‘நம்மவர்’ என்ற அந்த ஒரு சொல்தான்.

இதை அறிந்தவர்கள் நம் முன்னோருள் இருந்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தகனின் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. எல்லோருக்கும் உரிய குடியாட்சி என்று அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஏற்பாடுகள் எண்ணத் தக்கன. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவன் பெயர் குடத்தில் இடப்படாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். அந்த உறவினர் யாவர்? தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமன், தந்தையுடன் பிறந்தான், உடன் பிறந்தான், மாமனார், மனைவியுடன் பிறந்தான், உடன் பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று கல் ஒவ்வொருவராக அழைத்து நிறுத்துகிறது. கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் மைத்துனன் அமர்ந்தால் கேள்வி எப்படி எழும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகையில் இடம்பெறும் அத்தனை பேரும் அங்கே உண்டு.

அந்தக் கல்லிலும் இல்லாத ஓர் உறவினர் உண்டு. நாம்தாம்; நம் சங்கம்தான். அன்பரின் வீட்டுக்கு நாம் மாமனாகவும் மைத்துனனாகவும் போகவில்லை, தமிழாகப் போனோம். ஆகவேதான் மறுப்பது அவருக்கு அத்தனை கடினமாக இருந்திருக்கும். நாம் எழுதிய வரிகள் வெளியான பிறகும் அவர் நமக்கு ஒரு மறுமொழி எழுதவில்லை. கடந்த மாதக் கூட்டத்துக்கு வந்தார். பின் வரிசையில் அமர்ந்திருந்தார்.

செயற்குழு சென்ற ஞாயிறன்று கூடியது. அண்மையில் ஓய்வு பெற்ற ஒருவரைக் கொண்டு அதே கடிதத்தில் கையொப்பம் வாங்கலாம், அவரைப் பன்னிரண்டாம் விதி கட்டாது என்று ஒருவர் எடுத்துரைத்தார். அவர் அமர்ந்திருந்த நாற்காலியை நிறுவனங்கள் அதற்குள் மறந்திருக்குமா என்று மற்றொருவர் கேட்டார். யோசனை கைவிடப்பட்டது. பட்டியலில் இருந்த நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்புவதில்லை என்றும், கடைத்தெருவில் நம்மவர் நடத்தும் கடைகள், உணவகங்கள், தனி உறுப்பினர் வாழ்த்துகள் இவற்றைக் கொண்டே மலரை முடிப்பது என்றும் தீர்மானித்தோம். மலர் இவ்வாண்டு இருபத்து நான்கு பக்கம் குறையும். வண்ண அட்டை இராது. வரவு செலவுக் கணக்கை விளம்பரம் தந்தோர் பெயருடன் அடுத்த இதழில் இதே பக்கத்தில் காணலாம். விழாவன்று நாற்காலி போட ஆள் போதவில்லை. ஒருவர் மட்டும் முன்பே பெயர் கொடுத்திருக்கிறார்.